சாலைப் பக்கத்துக் கிளை

2016 மார்ச் 19 — ரூ. 200
2017 மார்ச் 11 — ரூ. 200
2018 மார்ச் 17 — ரூ. 250
2019 மார்ச் 16 — ரூ. 250
2020 — இல்லை
2021 மார்ச் 13 — ரூ. 300
2022 மார்ச் 12 — ரூ. 500
2023 மார்ச் 18 — ரூ. 700
2024 மார்ச் 16 — ரூ. 1,000
மொத்தம் — ரூ. 3,400

ஒரு மரத்தின் ஒரே ஒரு கிளையை வெட்டாமல் விடுவதற்காகக் கொடுக்கப்பட்ட பணம் இது. கொடுத்தவர் பதுளைக் கடைவீதியில் நூல் கடை வைத்திருக்கும் ஸித்தி ஸுபைதா. வாங்கியவர் பசறைக்குப் போகும் வழியில் உள்ள கல்லோடைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் நிழல் மரங்களுக்குக் கொப்பு வெட்டும் தம்பையா. 2020ஆம் ஆண்டு ஊரடங்கு. ஸுபைதா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, தோட்டத்தில் அந்த வருடம் கொப்பு வெட்டவும் இல்லை.

ஸுபைதாவின் கணவர் இப்றாஹீம் 2009இல் மௌத்தானார். அதன் பிறகு கடையை ஸுபைதாவும் மகள் நப்லாவும் பார்த்துவருகிறார்கள். நூல், பொத்தான், நாடா, ஊசி, உள்துணி. அகலம் குறைந்த கடைதான். ஆனால் கலியாணச் சேலைக்கு ரவிக்கை தைக்கிறவர்கள் வெலிமடையிலிருந்துகூட அங்கே வருவார்கள், ஸுபைதாவின் கண்ணுக்காக. ஒரு துணித் துண்டைக் காட்டினால் போதும், அலமாரியில் கைவிட்டு அதற்குரிய நூற்கட்டையை எடுத்துவிடுவார். மாம்பழ மஞ்சளில் மட்டும் ஏழு வகை அவர் பிரித்து வைத்திருந்தார். குழல் விளக்கின் கீழ் நிறம் பார்க்கவே மாட்டார். துணியையும் நூலையும் வாசலுக்குக் கொண்டுபோய், பகல் வெளிச்சத்தில் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்த பிறகுதான் விலை சொல்வார்.

“லைட்டு பொய் செல்லும். பகல் பொய் செல்லாது” என்பார்.

சனிக்கிழமைகளில் கடையை நப்லாவிடம் விட்டுவிட்டுக் கல்லோடைச் சந்திக்குப் போவது அவர் வழக்கம். அங்குள்ள தையல்காரருக்குச் சரக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருப்பார். நிற்கும் இடத்துக்கு மேலே ஒரு பெரிய வாகை மரம். அதன் கவட்டிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன, ஒன்று தேயிலைப் பக்கமாக, மற்றது சாலைப் பக்கமாக. இரண்டிலும் கற்றையாக இலைகள் தொங்கின, கடையில் விற்கும் நாடாவைக் கத்தரித்துக் கட்டித் தொங்கவிட்டதுபோல. பல வருடங்களாக அவற்றைப் புல்லுருவி என்றே நினைத்திருந்தார்.

2015 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அந்த இலைகளுக்குக் கீழே சரம் சரமாகப் பூ தொங்கியதைக் கண்டார். தம்பையா அப்போது பக்கத்து மரத்தில் இருந்தார்.

“அண்ணே, அந்தப் பூவ எடுத்துத் தர ஏலுமா? ரெண்டு கெளையிலும் ஒவ்வொன்னு.”

“இது பூசைக்கு ஆகாதுங்கம்மா, வாசமே இல்ல” என்றார் தம்பையா.

“பூசைக்கில்ல. பார்க்க.”

“பாக்கத்தான் அங்கயே தொங்குதே” என்று சொல்லிக்கொண்டே ஏறிப் பறித்துத் தந்தார்.

ஸுபைதா இரண்டையும் ஈரக் கைக்குட்டையில் சுற்றிப் பதுளைக்குக் கொண்டுவந்தார். கடை வாசலில் நின்று நூற்கட்டைகளோடு ஒத்துப் பார்த்தார். தேயிலைப் பக்கத்துப் பூவுக்கு அரக்கு நிறக் கட்டை அப்படியே பொருந்தியது. சாலைப் பக்கத்துப் பூ அதைவிட வெளிறல், இளங்காவிக் கட்டைதான் அதற்குச் சரி. இலை ஒன்றுபோல இருந்தது, பூவின் அமைப்பும் ஒன்றுபோல இருந்தது, நிறம் மட்டும் வேறு. இரண்டு கட்டை தேவைப்படுகிற இரண்டு துணிகள் ஒரே துணியாக இருக்க முடியாது. அவர் மனதில் அன்றே முடிவாகிவிட்டது, இவை இரண்டு இனம்.

நூலகத்திலிருந்து நப்லா படங்கள் உள்ள ஒரு பழைய புத்தகம் கொண்டுவந்தார். இவை காட்டு ஓர்கிட், சிம்பிடியம் என்ற பேரினம். அதில் பைகலர், அலோயிஃபோலியம் என்று பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு இனங்கள் இருந்தன. முன்னது பரவலாகக் கிடைப்பது, பின்னது இந்தப் பக்கத்தில் கண்டவர் குறைவு என்று போட்டிருந்தது. அலோயிஃபோலியத்தின் படம் நல்ல அரக்கு நிறத்தில் அச்சாகியிருந்தது.

“உதட்டுல கோடு, புள்ளி என்டு என்னவோ எழுதி ஈக்குது உம்மா” என்றார் நப்லா. பூவின் நடுவில், நாக்கை நீட்டியதுபோல வேறுபட்டு நிற்கும் இதழைத்தான் உதடு என்று புத்தகம் சொன்னது.

“அது கெடக்கட்டும் மகள். நெறத்தப் பாருங்க. நம்மட அரக்குக் கட்டைதான் இது, கொஞ்சமும் தப்பல்ல.”

பூக்கள் இரண்டும் வாடி அழுகிப் போயின. அரக்குக் கட்டை மட்டும் அலமாரியில் தனியே வைக்கப்பட்டது. அடுத்த மார்ச்சில், அதுவரை கத்தி படாதிருந்த அந்த மரத்துக்கும் இனி வருடந்தோறும் கொப்பு வெட்டுவார்கள் என்று அறிந்து, ஸுபைதா தம்பையாவைத் தேடிப் போய் இரண்டு கிளைகளையும் விட்டுவிடும்படி கேட்டார்.

“ரெண்டையும் விட்டா கங்காணி என்னய அந்த மரத்துலயே கட்டி வச்சிருவாரும்மா. ஒண்ணுன்னா ஏதாச்சும் சொல்லித் தப்பிச்சுக்குவேன். எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

ஸுபைதா அண்ணாந்து பார்த்தார். “தேயிலைப் பக்கத்துக் கெளைய விடுங்க. மத்தது பரவால்ல.”

இப்படித்தான் மேலே உள்ள கணக்கின் முதல் வரி எழுதப்பட்டது. ஒவ்வொரு மார்ச்சிலும் சாலைப் பக்கத்துக் கிளை கத்திக்கு இரையாயிற்று. அதிலிருந்த கற்றையும் கிளையோடு கீழே விழுந்தது. கவட்டில் மிஞ்சிய வேர் மறுபடி தழைக்கும், பூக்கும் வயது வருமுன் அடுத்த மார்ச் வந்துவிடும். 2020இல் மட்டும் அது வெட்டுப்படவில்லை. அந்த மே மாதம் பூத்திருக்கலாம். பார்க்க ஆள் இல்லை.

தேயிலைப் பக்கத்துக் கிளையோ வருடா வருடம் பூத்தது. ஸுபைதா அதன் கீழே நின்று பார்த்துவிட்டுப் பஸ் ஏறுவார். விஷயம் கடைவீதியில் பரவியது. பக்கத்துச் செருப்புக் கடை மபாஸ், “மாமி, ஒங்கட கெளைக்கு இந்த வருசம் போனஸ் குடுத்தாச்சா?” என்று கேட்பார். நப்லாவும் சும்மா இருப்பதில்லை.

“ஒலகத்திலே கெளைக்குச் சம்பளம் குடுக்கிற ஒரே ஆள் எங்கட உம்மாதான்.”

“இந்தப் பக்கத்திலே ஒன்னே ஒன்னு ஈக்குது மகள். அது போனா போனதுதான்” என்பார் ஸுபைதா. வேறொன்றும் அவர் விரும்பவில்லை. அந்த அரிய செடி உயிரோடு இருக்க வேண்டும், அது அதுதான் என்று தெரிந்தவர் ஒருவர் வாயால் கேட்க வேண்டும்.

தெரிந்தவர் 2024இல் கிடைத்தார். நப்லாவோடு பள்ளியில் படித்த ஜுமானா இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பிக்கிறார், காட்டு ஓர்கிட் பற்றி ஆய்வு செய்கிறார் என்று ஒரு கலியாண வீட்டில் தெரியவந்தது. நப்லா கைப்பேசியில் எடுத்த படத்தை அனுப்பினார். படம் போதாது, பூவையே போத்தலில் ஸ்பிரிட் ஊற்றி அனுப்புங்கள் என்று பதில் வந்தது. மே மாதப் பூவிலிருந்து ஒன்றைத் தம்பையா பறித்துத் தந்தார். ஸுபைதா அதை மருந்துப் போத்தலில் இட்டு, மூடியைச் சுற்றி அரக்கு நூலால் கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினார்.

ஜூலை 9ஆம் தேதி பதில் வந்தது. பூவின் உதட்டைத் தனியே பிரித்து ஒரு வெள்ளை அட்டையில் ஒட்டி, கடிதத்தோடு வைத்திருந்தார் ஜுமானா. அதனால்தான் கைப்பேசியில் சொல்லாமல் தபாலில் அனுப்பினார்போலும்.

“மாமி, உதட்டில் சிவப்புப் பொடிப் புள்ளிகள் தூவினதுபோல இருப்பதைப் பாருங்கள். இது பைகலர். நிறைய இடங்களில் இருக்கிறது. அலோயிஃபோலியம் என்றால் உதட்டில் புள்ளிக்குப் பதிலாக நரம்பு நரம்பாகக் கோடு ஓடும். இதழ் நிறத்தை நம்ப வேண்டாம். அன்று விரிந்த பூ வெளிறி இருக்கும், நாளான பூ கருத்துப் போகும், செடிக்குச் செடியும் மாறும். அந்த மரத்தில் இன்னொரு செடி இருப்பதாக நப்லா சொன்னாள். அது பூத்தால் அவசியம் அனுப்புங்கள். அவள் அனுப்பிய அதன் இலைப் படத்தில் நுனி மழுங்கித் தடிப்பாகத் தெரிகிறது. அந்தச் சாலையில் அலோயிஃபோலியம் இருப்பதாக என் பதிவில் இதுவரை ஒன்றும் இல்லை.”

ஸுபைதா கடிதத்தை மகளை வாசிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டார். பிறகு அட்டையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். புள்ளிதான். 2015இல் தேயிலைப் பக்கத்துப் பூ வாடப்போகிற பூ என்பதும், சாலைப் பக்கத்துப் பூ அன்று காலை விரிந்தது என்பதும் இப்போது நினைவுக்கு வந்தன. பழசான துணியின் நிறத்தைக் கொண்டு புதுத் துணிக்கு நூல் கொடுக்கக் கூடாது என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

“அப்ப மத்த கெளையில ஈந்ததுதானா அது?” என்று கேட்டார்.

“பூவப் பார்க்காம எப்பிடி உம்மா செல்ற?”

“எட்டுத் தரம் வெட்ட வச்சிட்டேன் மகள். காசு குடுத்து வெட்ட வச்சிட்டேன்.”

“வெட்டத்தான் காசு குடுக்கல்லியே. விடத்தானே குடுத்த.”

“நான் எத விடச் சொன்ன? எத வெட்டச் சொன்ன?” என்றார் ஸுபைதா. அன்று பின்னேரம் ஒரு பச்சை ரவிக்கைக்கு அவர் எடுத்துக் கொடுத்த நூல் மறுநாள் திரும்பி வந்தது. அப்படி ஒன்று அந்தக் கடையில் நடந்ததில்லை.

மார்ச் மட்டும் பொறுத்துக்கொள்வோம், இந்த முறை சாலைப் பக்கத்துக் கிளையைக் காப்பாற்றிவிடுவோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். மழைக் காலம் முழுவதும் கல்லோடைப் பாதை சரிந்தும் மூடியும் கிடந்ததால் தையல்காரருக்கான சரக்கைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். 2025 மார்ச் 15, சனிக்கிழமை, ஆயிரம் ரூபாயைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு சந்தியில் இறங்கினார்.

மரம் இல்லை. இடுப்பளவு அகலத்தில் ஒரு அடிமரம் தரையோடு நின்றது, வெட்டு முகம் ஏற்கெனவே சாம்பல் நிறமாகியிருந்தது. மின்கம்பி புதிதாக இழுத்திருந்தார்கள். கொளுத்தும் வெயில் நேரே தலையில் விழுந்தது.

தையல்காரரிடம் வழி கேட்டு, தம்பையா குடியிருந்த லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, போனார். தம்பையா முழங்கால் வலியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கண்டதும் எழ முயன்றார்.

“நா வெட்டலீங்கம்மா. கரண்டுக்காரங்க வந்து மிசின் வச்சு ஒரு நாள்ல சாச்சுப்புட்டாங்க. போன மாசம். ஒங்ககிட்ட எப்புடிச் சொல்றதுன்னுதான் நானும்...”

“பூச்செடி?”

“மரத்தோட வெறகாப் போச்சு.”

ஸுபைதா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். சாலைப் பக்கத்துக் கிளையைப் பற்றி, கடிதத்தைப் பற்றி, தாம் செய்த பிழையைப் பற்றி எல்லாம் சொன்னார். தம்பையாவுக்குப் பாதிதான் விளங்கியது.

“அப்ப நா வெட்டிப் போட்டதுதான் நல்லதா?” என்று கேட்டார். பிறகு வீட்டுக்குள் திரும்பி, “ஏ வேலாயி! இங்க வா. அந்த நாரெல்லாம் எங்க புள்ள?” என்று குரல் கொடுத்தார்.

தம்பையாவின் மனைவி வேலாயி தேநீரோடு வந்தார். “எந்த நாரு?”

“ரெங்கம்மாவ மறைக்கக் கட்டி வச்சியே.”

லயத்தில் வீட்டுக்கு வீடு முன்னால் ஒரு சிறு திறந்த கூடம் உண்டு. இஸ்தோப்பு என்பார்கள். வேலாயியின் இஸ்தோப்புக்கும் பக்கத்து வீட்டு ரெங்கம்மாவின் இஸ்தோப்புக்கும் நடுவே கம்பி வலை ஒன்று இருந்தது. அந்த வலையில், மேலிருந்து கீழ்வரை, கோணிக் கயிற்றால் கட்டப்பட்டு நாடா நாடாவாக இலைக் கற்றைகள் தொங்கின.

“அவ மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு கட்டுனதும்மா” என்றார் வேலாயி. “இவரு வெட்டிப் போட்ட கெளைய வருசா வருசம் வெறகுக்கு இழுத்துட்டு வருவேன். இது எரியாது. ஆடும் திங்காது. மறைப்புக்காச்சும் ஆகட்டும்னு கட்டி வச்சேன். ரெண்டு பட்டுப்போச்சு. ஆறு நிக்கிது.”

ஸுபைதா ஒரு கற்றையைக் கையில் ஏந்தினார். இலை நுனி மழுங்கி, தடிப்பாக இருந்தது. ஆனால் பூக்காமல் எதையும் சொல்ல முடியாது என்பதை அவர் இப்போது கற்றிருந்தார்.

“இது பூக்கிறதா?”

“நா கண்டதில்லம்மா. வெறும் எலதான்.”

“மரத்தோட போச்சு என்டு நெனச்சேன்” என்றார் ஸுபைதா. கைக்குட்டையிலிருந்த ஆயிரம் ரூபாயை எடுத்து நீட்டினார். தம்பையா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “வெட்டாம விடத்தாம்மா நா காசு வாங்குவேன். இப்ப வெட்ட என்னா இருக்கு?”

மே 17ஆம் தேதி ஸுபைதாவும் நப்லாவும் போத்தலும் பூதக்கண்ணாடியுமாக வந்தார்கள். அரக்குக் கட்டையும் இளங்காவிக் கட்டையும் ஸுபைதாவின் பையில் இருந்தன. வேலாயி சொன்னதுபோலவே அவர் பக்கத்தில் வெறும் இலைதான். நப்லா வலையின் ஓட்டை வழியே எட்டிப் பார்த்துவிட்டு, “உம்மா!” என்று கத்தினார். பூத்தண்டுகள் எல்லாம் வெளிச்சத்தைத் தேடி வலைக்குள் நுழைந்து அடுத்த பக்கம் போயிருந்தன. ரெங்கம்மாவின் இஸ்தோப்பில் மூன்று சரம் தொங்கியது.

தாயும் மகளும் சுற்றிக்கொண்டு அங்கே போனார்கள். ரெங்கம்மா பூவின் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“எட்டு வருசமா மறைப்புக் கட்டுறா. அஞ்சு வருசமா எனக்குத்தான் பூக்குது” என்றார்.

“ஒன்னே ஒன்னு தாங்கம்மா. உதட்டுல கோடு ஈக்குதா, புள்ளி ஈக்குதா என்டு பார்க்க” என்றார் ஸுபைதா.

“ஒங்களுக்குக் குடுக்க மாட்டேன்னு சொல்லலீங்க. ஆனா இதுல ஒரு வழக்கு இருக்கு. இவ கோழி அன்னைக்கு என் இஸ்தோப்புல முட்ட விட்டுச்சு. எடுத்து ஆக்கித் தின்னேன். திருடின்னு லயம் முழுக்கச் சொன்னா. கோழி அவளுதாம், அதனால முட்டையும் அவளுதாம். சரி. இப்பச் செடி அவளுது, பூவு என் இஸ்தோப்புல. இது யாரு பூவு? அவளே வந்து சொல்லட்டும்.”

வலைக்கு அந்தப் பக்கம் வேலாயி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பையா மெதுவாக, “போயேன் புள்ள” என்றார்.

“நா ஏன் போகணும்?”

“கெளைய வெட்டுனது நா. அந்தம்மா வருசா வருசம் வெயில்ல வந்து நின்னாங்க. நீ நாலு எட்டு வச்சா கொறஞ்சா போயிருவ?”

வேலாயி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வெளியே இறங்கி, சுற்றி வந்து, ரெங்கம்மாவின் வாசலில் நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வேலாயி அண்ணாந்து பூவைத்தான் பார்த்தார். தாம் கட்டிய செடியின் பூவை அவர் காண்பது அதுவே முதல் தடவை. வாய் லேசாகத் திறந்தது.

“இம்புட்டு அழகாவா பூக்குது!”

“யாரு பூவுன்னு சொல்லு” என்றார் ரெங்கம்மா.

“ஒம் பூவுதான்.”

“அப்ப முட்ட?”

வேலாயி சற்று யோசித்தார். “முட்ட என் கோழி முட்டதான்.”

ரெங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் கீரைத் தட்டில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். பிறகு எழுந்து, நடுச் சரத்தை நகத்தால் கிள்ளி, ஸுபைதாவிடம் அல்ல, வேலாயியிடம் கொடுத்தார். வேலாயி அதை இரு கையாலும் வாங்கி ஸுபைதாவிடம் தந்தார்.

ஸுபைதா கூரை நிழலை விட்டு வெளியே போனார். வழக்கம்போலத் தலையைச் சாய்த்தார். முதலில் பையிலிருந்து நூற்கட்டைகளை எடுத்து, பூவின் பக்கத்தில் பிடித்தார். பத்து வருடங்களுக்கு முன் இளங்காவியாக இருந்த செடியின் பூ இப்போது அரக்குக் கட்டையோடு இழைபிசகாமல் பொருந்தியது. கட்டைகள் இரண்டையும் மறுபடி பையில் போட்டார். அதன் பிறகு கண்ணாடியை எடுத்து உதட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“என்னம்மா, கோடா புள்ளியா?” தம்பையாவுக்குப் பொறுக்கவில்லை.

ஸுபைதா கண்ணாடியை மகளிடம் கொடுத்தார். தாம் ஒருமுறை தப்பாகப் பார்த்தவர், இந்த முறை இன்னொரு கண்ணும் பார்க்க வேண்டும்.

“கோடு” என்றார் நப்லா. “உம்மா, நரம்பு நரம்பா கோடு. ஒரு புள்ளிகூட இல்ல.”

ஸுபைதா முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூவைப் போத்தலில் இறக்கினார்.

போகும்போது, ஒரு கற்றையைப் பதுளைக்குக் கொண்டுபோய்க் கடை முன்னால் தொங்கவிடலாமே என்றார் நப்லா. ஸுபைதா மறுத்துவிட்டார். செடி அதன் மலையிலேயே இருக்கட்டும் என்பது ஒரு காரணம். மறைப்பில் ஒரு ஓட்டை விழுந்தால் அந்த இரண்டு வீடுகளுக்கும் இடையே மறுபடி என்ன வரும் என்று யாருக்குத் தெரியும் என்பது மற்றது. பின்னால் வேலாயியும் ரெங்கம்மாவும் முட்டையைப் பற்றி உரத்துப் பேசிக்கொண்டிருந்தது பாதைவரை கேட்டது.

போத்தலோடு வைக்கும் சீட்டில் செடி கிடைத்த இடம் எழுத வேண்டும் என்று ஜுமானா கேட்டிருந்தார். வாகை மரம் என்று எழுத முடியாது, மரம் இல்லை. “கல்லோடைத் தோட்டம், கீழ்ப் பிரிவு, லயத்து இஸ்தோப்பு, வேலாயி கட்டியது, ரெங்கம்மா பக்கம் பூத்தது” என்று ஸுபைதா சொல்ல, நப்லா எழுதினார். மூடியில் இந்த முறை வெறும் வெள்ளை நூல்தான் கட்டப்பட்டது.

ஜுமானாவிடமிருந்து வந்த கடைசிக் கடிதத்தில் ஒரு அட்டையும் சில வரிகளும் இருந்தன. உதட்டில் கோடுகள் தெளிவு, செடி அலோயிஃபோலியம், இடமும் பெயர்களும் அவர்கள் எழுதியபடியே பதிவாகிவிட்டன. ஸுபைதா அதைத் தாமே எழுத்துக்கூட்டி வாசித்தார். அட்டையை நூல் அலமாரியில், அரக்குக் கட்டை தனியே இருந்த இடத்தில் வைத்தார். கட்டையை எடுத்து மற்றக் கட்டைகளோடு விற்பனைக்கு வைத்தார். அந்தக் கடிதம் பதுளைக் கடைக்கு வந்து சேர்ந்த நாள் 2025 ஜூன் 24, செவ்வாய்க்கிழமை.